வலை கடந்த பெண்கள் – 17: நுங்கம்பாக்கத்துக்கு வந்த ஒரு வாரம்

2022 செப்டெம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு கண்டியில் வெடித்த பட்டாசுச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. டுபாயில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று நம் கிரிக்கெட் அணி ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியது. அதே நாளில் சிங்கப்பூரில் நம் பெண்கள் 63க்கு 53 என்று வென்று ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தைக் கையில் எடுத்திருந்தார்கள். யாழ்ப்பாணம் ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் வளையத்தடியில் நின்று, தலைக்கு மேலே வந்த பந்தை எட்டிப் பிடித்துப் பிடித்துப் போட்ட காட்சி கைபேசிகளில் ஓடிக்கொண்டே இருந்தது. பெற்றோலுக்குக் கியூஆர், அடுப்புக்கு விறகு, நாளாந்தம் மின்வெட்டு என்று பொருளாதார நெருக்கடியில் தேய்ந்துபோயிருந்த சனங்களுக்கு அந்த ஞாயிறு ஒரு மூச்சு.

மறுநாள் திங்கட்கிழமை, கடலுக்கு அந்தப் பக்கம், சென்னை நுங்கம்பாக்கத்தில் பெண்கள் டென்னிஸ் சுற்றுப்போட்டியொன்று தொடங்கியது. எங்கள் ஊரில் அதைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. பேசாமல் விட்டது பெரிய குறை என்றே எண்ணுகிறேன். இந்தத் தொடரின் முதல் அத்தியாயத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒன்பது டென்னிஸ் வீராங்கனைகள் பெண்களின் தனிச்சுற்றுக்காக ஆளுக்கு ஒரு டொலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 1970 செப்டெம்பர் 23ஐப் பார்த்தோம். அந்தக் கையெழுத்தின் தொடர்ச்சி ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்துத் தமிழ் பேசும் ஓர் ஊருக்கு முதன்முதலாக வந்து சேர்ந்தது அந்தத் திங்கட்கிழமைதான்.

வந்தது, பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ.வின் 250 தரத்திலான போட்டி. ஒற்றையர் பிரிவில் 32 பேர், மொத்தப் பரிசு 2,51,750 டொலர், சம்பியனுக்கு 33,200 டொலரும் தரவரிசைக்கு 280 புள்ளிகளும். பெண்கள் சுற்றின் ஏணியில் இது மேல்படி இல்லை. இதற்கு மேலே 500, 1000 என்ற தரங்களும் நான்கு கிராண்ட் ஸ்லாம்களும் இருக்கின்றன. ஆனாலும் 2008இல் பெங்களூரில் செரீனா வில்லியம்ஸ், பற்றி ஷ்னைடரை 7-5, 6-3 என்று வென்ற இறுதிப் போட்டிக்குப் பிறகு பதினான்கு ஆண்டுகள் இந்திய மண்ணில் இந்தத் தரத்தில் ஒரு பெண்கள் போட்டியும் நடக்கவில்லை. இடையில் 2012இல் பூனேயிலும் 2017, 2018இல் மும்பையிலும் நடந்தவை அதற்குக் கீழ்ப்பட்ட 125 தரத்துப் போட்டிகள்.

பதினான்கு ஆண்டு மூடிக்கிடந்த கதவு 2022இல் மட்டும் எப்படித் திறந்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் சென்னையின் கதையைச் சொல்வது நியாயமில்லை.

2021 நவம்பரில் சீன வீராங்கனை பெங் ஷுவாய், அந்நாட்டின் முன்னாள் துணைப் பிரதமர் ஒருவர் மீது பாலியல் குற்றச்சாட்டொன்றைத் தன் சமூக வலைத்தளக் கணக்கில் எழுதினார். சிறிது நேரத்தில் அந்தப் பதிவு காணாமல் போனது. சில வாரங்கள் அவரையும் காணவில்லை. பின்னர் வெளியில் தோன்றி, தான் அப்படி எதுவும் குற்றஞ்சாட்டவில்லை என்றார். அவர் சுதந்திரமாகப் பேசுகிறாரா என்பது உறுதியாகத் தெரியவில்லை என்று சொல்லி, டபிள்யூ.டி.ஏ. டிசெம்பர் முதலாந்திகதி சீனாவில் நடக்கவேண்டிய தன் போட்டிகள் அனைத்தையும் நிறுத்தியது. பெண்கள் சுற்றின் பெரும்பணம் அந்நாட்களில் சீனாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதை விட்டுக்கொடுக்கப் பல ஆண்கள் அமைப்புகள் துணியவில்லை, இவர்கள் துணிந்தார்கள். கொவிட் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொள்ள, 2022இன் ஆசியப் பருவம் பெரிதும் வெறுமையானது. வெறுமையான நாட்காட்டியில் செப்டெம்பர் 12 முதல் 18 வரையான வாரத்தைச் சென்னை பிடித்துக்கொண்டது.

ஒரு பெண்ணின் வாய் அடைக்கப்பட்டதால் உண்டான இடைவெளியில்தான் நம் பக்கத்து ஊருக்கு இந்த வாய்ப்பு வந்தது. சென்னையின் மகிழ்ச்சியைப் பதிவு செய்யும்போது பெங் ஷுவாயின் பெயரையும் அதே பக்கத்தில் எழுதி வைக்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

வாரம் கிடைத்தால் மட்டும் போதாது, இடம் வேண்டும், பணம் வேண்டும். இடம் ஏற்கெனவே இருந்தது. 1995 டிசெம்பரில் தெற்காசியப் போட்டிகளை மெட்ராஸ் நடத்தியபோது நுங்கம்பாக்கத்தில் கட்டிய டென்னிஸ் அரங்கம் அது. 1997 முதல் 2017 வரை ஆண்கள் சென்னை ஓபன் அங்கேதான் நடந்தது. ஆழிப்பேரலை வந்துபோன இரண்டு வாரத்தில், 2005 ஜனவரியில், ஸ்பெயினின் கார்லோஸ் மோயா அங்கே கிண்ணத்தை வென்று, தன் பரிசுப் பணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று கொடுத்ததை நம் கரையோரச் சனங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. அந்த வாரத்தில் நாம் வேறு கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். 2018இல் ஆண்கள் போட்டி பூனேக்குப் போய்விட்டது. அரங்கம் வெறித்துக் கிடந்தது. தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தின் தலைவரான விஜய் அமிர்தராஜ் முன்னின்றார், மாநில அரசு பணம் தந்தது. அதே ஆண்டு ஜூலை, ஓகஸ்டில் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட்டை நடத்தி முடித்த உற்சாகம் அந்த அரசுக்கு இருந்தது.

இருபது ஆண்டு ஆண்கள் ஆட்டத்தைப் பார்த்த அந்த மரப்படிகளுக்கும் சிமெந்துக் கட்டுகளுக்கும் முன்னே, உலகத் தரவரிசைப் பெண்கள் ஒற்றையர் ஆடியதை ஒரு கோயம்புத்தூர்ப் பெண் எப்படிப் பார்த்திருப்பார் என்று அடிக்கடி எண்ணிக்கொள்வேன். நிருபமா வைத்தியநாதனைச் சொல்கிறேன்.

கோயம்புத்தூர் என்றால் நம் பக்கத்தில் பலருக்குச் சொந்தக்காரர் நினைவு வரும். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிய எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் கோவையிலும் போய் நின்றன. அந்த ஊர்க்காரர் வாயில் நம் மலைநாடு முழுவதும் கண்டிச் சீமைதான். 1976இல் பிறந்த நிருபமா, கிரிக்கெட் ஆடிய தன் தகப்பனாரிடம் டென்னிஸ் கற்றார். 1998 ஜனவரியில் அவுஸ்திரேலிய பகிரங்கப் போட்டியில் இத்தாலியின் குளோரியா பிற்சிக்கினியை முதற்சுற்றில் வென்றார். தொழில்முறை வீரர்களுக்கும் கிராண்ட் ஸ்லாம்கள் திறக்கப்பட்ட 1968க்குப் பிறகு, அவற்றின் பிரதான சுற்றில் ஒற்றையர் ஆட்டமொன்றை வென்ற முதல் இந்தியப் பெண் அவர். அதற்கு முன்னே லீலா ராவ் 1934இல் விம்பிள்டனில் ஓர் ஆட்டம் வென்றதுண்டு, ஆனால் அது பணமில்லாத காலம். பணம் வந்தபின் நிலைமை வேறு. நிருபமாவின் காலத்தில் இந்தியாவுக்குள் இத்தரத்தில் பெண்கள் போட்டி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் கடல் தாண்டவேண்டும். விமானச் சீட்டு, அறை வாடகை, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் ரூபாயில் சம்பாதித்து டொலரில் கட்டவேண்டும். ஹைதராபாத்தில் முதல் டபிள்யூ.டி.ஏ. போட்டி வந்தது 2003இல். அவருடைய நல்ல ஆண்டுகள் அதற்குள் கழிந்திருந்தன.

ஹைதராபாத்தின் கதையைச் சென்ற இதழில் விரிவாகப் பார்த்தோம். 2005 பெப்ரவரி 12இல் பதினெட்டு வயது சானியா மிர்சா, உக்ரைனின் அலியோனா பொண்டரென்கோவை 6-4, 5-7, 6-3 என்று சொந்த ஊர்ச் சனங்களின் முன்னால் வென்றார். டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் கிண்ணம் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். அந்த ஊரில் அந்த வாரம் ஒரு போட்டி இருந்திராவிட்டால் அந்த வெற்றி எப்போது, எங்கே வந்திருக்கும் என்று கேட்டு வாசகர் சிலர் எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு எண்களால் பதில் சொல்லிப் பார்க்கிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

தொழில்முறைப் பெண்ணின் வாழ்க்கை தரவரிசைப் புள்ளிகளில் ஓடுகிறது. அடிமட்டத்தில் சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் 15,000 டொலர் போட்டிகள். ஒரு வாரம் முழுக்க விளையாடி, அத்தனை பேரையும் வென்று, கிண்ணத்தைத் தூக்கினால் 2022இன் கணக்கில் கிடைத்தது 10 புள்ளி. பணமாக 2,400 டொலருக்கும் குறைவு. அதே ஆண்டில் சென்னை போன்ற 250 தரத்துப் போட்டியில் முதற்சுற்றில் ஒரேயொரு ஆட்டத்தை வென்றால் 30 புள்ளி. அதாவது ஒரு மாலைப்பொழுது மூன்று வாரக் கிண்ணங்களுக்குச் சமம். இன்னும் மேலே பாருங்கள்: தரவரிசையில் ஏறத்தாழ முதல் 104 பேருக்குள் இருந்தால் கிராண்ட் ஸ்லாமில் நேரடி இடம். 2023 அவுஸ்திரேலிய பகிரங்கப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்குக்கூட ஒரு இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் கொடுத்தார்கள். சென்னையின் சம்பியனுக்குக் கிடைத்ததைவிட அது அதிகம்.

ஆகவே 130ஆம் இடத்துக்கும் 100ஆம் இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு பெண்ணின் பிழைப்பு. அந்த இடைவெளியைத் தாண்டப் பெரிய போட்டிக்குள் நுழையவேண்டும். பெரிய போட்டிக்குள் நுழையத் தரவரிசை வேண்டும். இந்த வட்டத்துக்குள் வெளியாள் புகும் ஒரு சிறு வாசல் வைல்ட் கார்ட், போட்டியை நடத்துகிறவர்கள் தம் விருப்பப்படி கொடுக்கும் இடம். எந்த நாட்டில் போட்டி நடக்கிறதோ அந்த நாட்டுப் பெண்ணுக்குத்தான் பெரும்பாலும் அது போகும். ஐரோப்பாவில் பிறந்தவளுக்கு ரயிலில் போகும் தூரத்தில் ஆண்டுக்குப் பத்துப் போட்டி. நம் பக்கத்தில் பிறந்தவளுக்குப் பதினான்கு ஆண்டில் ஒன்று.

அந்த ஒன்றில் என்ன நடந்தது?

வைல்ட் கார்ட் பெற்ற இந்தியப் பெண்கள் இருவரில் அங்கிதா ரெய்னாவுக்கு எதிரே வந்தவர் ஜெர்மனியின் தத்யானா மரியா. இரண்டு மாதத்துக்கு முன்புதான் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர், இரண்டு பிள்ளைகளின் தாய். அங்கிதாவுக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. மற்றவர் டெல்லியைச் சேர்ந்த கர்மன் கௌர் தாண்டி, ஆறடி உயரம், காயங்களால் பல மாதங்களைத் தொலைத்தவர். அவருக்கு எதிரே எட்டாம் நிலையில் வைக்கப்பட்ட பிரான்சின் குளோயி பக்கே. முதல் செட்டை 4-6 என்று கர்மன் இழந்தார். இரண்டாவதை 6-4, மூன்றாவதை 6-3 என்று எடுத்தார். மேற்சொன்ன 30 புள்ளி என்ற எண்ணுக்கு முகம் கொடுத்தது அந்த ஆட்டம். அடுத்த சுற்றில் 2014 விம்பிள்டன் இறுதி வரை போன கனடாவின் யூஜெனி புஷார்டிடம் 2-6, 6-7 என்று தோற்றார். ஆனாலும் அடுத்த மாதமே அதே கனடாவுக்குப் போய், சகனே நகரில் 60,000 டொலர் போட்டியொன்றின் கிண்ணத்தை வென்றார். ஒரு வெற்றி அடுத்த வெற்றிக்கு வழிச்செலவு கொடுக்கும் என்பதைத் தோட்டத்துக்காரருக்கு விளக்கவேண்டியதில்லை. முற்பணம் என்பது என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்.

முதல் நிலையில் வைக்கப்பட்டவர் அமெரிக்காவின் அலிசன் ரிஸ்க்-அமிர்தராஜ். பெயரைப் பார்த்து வியந்தவர்களுக்காக: விஜயின் அண்ணன் ஆனந்த் அமிர்தராஜின் மகனை 2019இல் மணந்தவர். மெட்ராஸில் மூன்று பையன்களை டென்னிஸ் வீரர்களாக்கிய தாய் மாகி அமிர்தராஜ், பெட்டி செய்யும் தொழிற்சாலையையும் நடத்திக்கொண்டு காலை மாலை பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போனவர். அந்த வீட்டின் மருமகள் பெண்கள் போட்டியின் முதல் நிலை வீராங்கனையாக அதே ஊருக்கு வந்தது எனக்கு மிகவும் பிடித்த காட்சி. அவர் கிண்ணம் வரை போகவில்லை. அரையிறுதிக்கு வந்த நால்வர்: போலந்தின் மக்டா லினெட், பிரித்தானியாவின் கேட்டி ஸ்வான், 2020 பிரெஞ்சு ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து அரையிறுதி வரை போன ஆர்ஜென்டினாவின் நாடியா பொடொரொஸ்கா, செக் நாட்டின் லிண்டா ஃப்ருஹ்விர்டோவா.

கடைசியாகச் சொன்ன பெண்ணுக்கு அப்போது வயது பதினேழு. 2005 மே முதலாந்திகதி பிராக் நகரில் பிறந்தவர். சானியா ஹைதராபாத்தில் வென்றபோது தாயின் வயிற்றில் இருந்தவர்.

செப்டெம்பர் 18 மாலை, விளக்கு வெளிச்சத்தில் இறுதிப் போட்டி. எதிரே முப்பது வயது லினெட், ஏற்கெனவே இரண்டு டபிள்யூ.டி.ஏ. கிண்ணங்கள் வென்றவர், பந்தைக் குறுக்கே குறுக்கே அடித்து எதிராளியை ஓடவிட்டுக் களைக்கச் செய்யத் தெரிந்தவர். செப்டெம்பரில் சென்னையின் புழுக்கம் எப்படி இருக்கும் என்று அங்கே நின்றவருக்குத் தெரியும். சட்டை உடம்போடு ஒட்டும், கைப்பிடி வழுக்கும். முதல் செட்டை லினெட் 6-4 என்று எடுத்தார். இரண்டாவதைச் சிறுமி 6-3 என்று திருப்பினார். மூன்றாவதில் லினெட் 4-1 என்று முன்னே. இன்னும் இரண்டு கேம் எடுத்தால் கிண்ணம். அங்கிருந்து ஒரு கேமைக்கூட லினெட்டால் எடுக்க முடியவில்லை. தொடர்ந்து ஐந்து கேம்கள், 6-4. ஃப்ருஹ்விர்டோவாவின் முதல் கிண்ணம். 130ஆம் இடத்திலிருந்து ஒரே வாரத்தில் முதல் நூறு பேருக்குள் போனார். முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பரிசளித்தார்.

இருவரும் அதன்பின் எங்கே போனார்கள் என்று பார்த்தால் அந்த இறுதிப் போட்டியின் எடை புரியும். நான்கு மாதம் கழித்து, 2023 ஜனவரியில், மெல்பேர்னில் நடந்த அவுஸ்திரேலிய பகிரங்கப் போட்டியில் லினெட் அரையிறுதி வரை போனார், ஃப்ருஹ்விர்டோவா நான்காம் சுற்று வரை போனார். அரையிறுதியில் லினெட்டை வென்று, பிறகு கிண்ணத்தையும் எடுத்தவர் அரினா சபலென்கா. அந்த சபலென்காதான் 2017இல் பத்தொன்பது வயதில் மும்பையின் 125 போட்டியை வென்றவர். 2012இல் பூனேயில் வென்ற எலினா ஸ்விதோலினாவுக்கு அப்போது பதினெட்டு. நம் பக்கத்துச் சிறு போட்டிகளில் அரங்கின் கால்வாசி நிரம்பாதபோது ஆடிய பெண்களைப் பின்னர் உலகம் முழுவதும் பார்த்தது. நேரில் பார்க்கும் வாய்ப்பு நமக்குத்தான் முதலில் இருந்தது.

2023 ஏப்ரலில் டபிள்யூ.டி.ஏ. சீனாவுக்குத் திரும்புவதாக அறிவித்தது. பெங் ஷுவாய் விடயத்தில் தான் கேட்டது கிடைக்கவில்லை என்பதையும் அதுவே ஒப்புக்கொண்டது. நாட்காட்டி மறுபடி நிரம்பியது. 2023இல் சென்னையில் போட்டி இல்லை. 2024இலும் இல்லை.

இங்கே நம் ஊரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. டென்னிஸ் கண்டிக்குப் புதிதில்லை. நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கியது, வாவிக்கரைக்கு அருகிலிருக்கும் கண்டி கார்டன் கிளப் 1878இல். விம்பிள்டனின் முதற்போட்டி 1877இல் நடந்ததை எண்ணிப் பாருங்கள். உலகத்தோடு சேர்ந்தே இந்த ஆட்டம் எங்கள் மலைக்கு ஏறிவந்தது. கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்தில் தோட்டத்துத் துரைமார் பங்களாக்களின் பக்கத்தில் மலையை வெட்டிச் சமப்படுத்தி டென்னிஸ் கோர்ட் போட்டார்கள். மலைச்சரிவில் ஒரு சமதரை உண்டாக்க எத்தனை கூடை மண் சுமக்கவேண்டும் என்பதை லயத்தில் கேட்டால் சொல்வார்கள். அந்த மண்ணைச் சுமந்தவர்கள், உருளை இழுத்தவர்கள், சுண்ணாம்புக் கோடு போட்டவர்கள், வேலிக்கு வெளியே விழுந்த பந்தைத் தேயிலைச் செடிக்குள் தேடிக் கொடுத்த பையன்கள் எல்லாரும் நம் சனங்கள். துரைசானிமார் அந்தக் கோர்ட்டில் ஆடினார்கள். கொழுந்துக் கூடையோடு அதைக் கடந்துபோன பெண்ணின் கைக்கு மட்டை வந்ததாக எந்தத் தோட்டத்திலும் நான் கேள்விப்பட்டதில்லை. கொழுந்து மடுவத்துக்கும் கோர்ட்டுக்கும் இடையே நூறு யார் தூரம்கூட இருந்திராது.

பழைய ஆட்களிடம் கேட்டு நான் சேர்த்த நினைவுகளில் திரும்பத் திரும்ப வருவது உருளையின் கனம். ஆட்டத்தைப் பற்றிய நினைவு யாருக்கும் அதிகமில்லை, பார்க்க நேரம் கிடைத்திருக்காது. நூற்றைம்பது ஆண்டை நெருங்கும் இந்தப் பழமையை வைத்துக்கொண்டு நாம் பெருமைப்படலாம்தான். ஆனால் நம் பெண்களின் கணக்கில் பார்த்தால், சென்னையில் 1995இல் கட்டிய அரங்கம் கண்டியின் 1878ஐவிட அவர்களுக்கு அருகில் இருக்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து ஒன்றரை மணிநேரத்துக்கும் குறைவான பறப்பு. பல நாட்களில் கண்டியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு பஸ்ஸில் போக அதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

ஆனால் 2022இல் அந்தக் குறுகிய தூரமும் நீண்டுபோயிற்று. ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குக் கிடைத்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஐந்து போட்டிக்கென்று சேர்த்துவைத்த பணம் மூன்று போட்டிக்குக்கூடப் போதாமற்போனது. கொழும்பில் அவ்வப்போது நடந்த சிறு சர்வதேசப் போட்டிகளைத் தவிர நம் வீராங்கனைகளுக்கு வீட்டுக்குள் புள்ளி தேடும் இடமில்லை. ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலை எடுத்துக்கொண்டு போகிறார்கள். படிப்பும் கிடைக்கிறது, ஆட்டமும் நிற்காது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வழியும் எங்கோ போய்ச் சேரும் என்பதைச் சென்னையின் இரண்டாம் அத்தியாயம் காட்டியது.

2025 ஒக்டோபர் 27இல் டபிள்யூ.டி.ஏ. 250 போட்டி நுங்கம்பாக்கத்துக்கு மறுபடி வந்தது. இம்முறை கிடைத்த வாரம் மழைக்காலத்தின் நடுவில். மொந்தா புயல் வங்கக் கடலில் ஏறிக்கொண்டிருந்தது. முதல் நாட்களை மழை விழுங்கியது. நீரை ஒற்றி எடுக்க ஆட்கள் துண்டும் உருளையுமாகக் கோர்ட்டில் நின்றார்கள். பிறகு வானம் வெளித்தது, ஒரே நாளில் இரண்டு நாள் ஆட்டங்களை நெருக்கி நடத்தினார்கள். நவம்பர் 2ஆம் திகதி இறுதிப் போட்டியில் இந்தோனேசியாவின் ஜனிஸ் ஜென், அவுஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெலை 6-4, 6-3 என்று வென்றார். 2002இல் ஏஞ்சலிக் விட்ஜாயா வென்றதற்குப் பிறகு டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் கிண்ணம் வென்ற முதல் இந்தோனேசியப் பெண். தன் நாட்டின் அல்டிலா சுட்ஜியாடியோடு சேர்ந்து இரட்டையர் கிண்ணத்தையும் அதே வாரத்தில் எடுத்தார்.

ஜென் 2002இல் ஜகார்த்தாவில் பிறந்தவர். பதினேழு வயதில் வெடித்துக் கிளம்பிய செக் சிறுமியின் வழி அவருடையதில்லை. அமெரிக்கா போய்ப் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார், பட்டம் முடித்தார், அதன்பின் நான் மேலே கணக்கெழுதிய அந்த அடிமட்டப் போட்டிகளில் வாரக்கணக்காக வென்று வென்று ஏறினார். 2025 ஓகஸ்டில் அமெரிக்க பகிரங்கப் போட்டியில் வெரோனிகா குடெர்மெட்டோவாவை வென்றார். சென்னைக்கு வரும்போது இருபத்துமூன்று வயது. நம் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தப் பெண்ணின் பாதையை எழுதி வைத்துக்கொள்ளவேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். கோயம்புத்தூரிலிருந்தும் இன்னொரு பெண் வந்துகொண்டிருக்கிறார்: மாயா ராஜேஸ்வரன் ரேவதி, 2025 பெப்ரவரியில் பதினைந்து வயதில் மும்பை 125 போட்டியின் தகுதிச் சுற்றிலிருந்து அரையிறுதி வரை போனவர். நிருபமாவின் ஊர்க்காரர்.

சென்னையில் மழை விட்ட நான்கு வாரத்தில் எங்களுக்கு டித்வா புயல் வந்தது. நவம்பர் இறுதியில் கண்டி மாவட்டத்தில் மண்சரிந்து போன ஊர்களை நீங்கள் அறிவீர்கள், அதை இங்கே எழுதும் திடம் எனக்கு இல்லை. நான் வழமையாகப் போய்வரும் ஒரு தோட்டத்தில் துரை பங்களாவுக்குப் பக்கத்துப் பழைய கோர்ட் மட்டும் சரியாமல் நின்றது. நூறாண்டுக்கு முன் கல் அடுக்கி, மண் இடித்து இறுக்கிய தரை. சில வாரங்கள் லயத்துச் சனங்கள் அதில் கூடாரம் அடித்து இருந்தார்கள். டென்னிஸ் வலை கட்டிய இரும்புக் கம்பங்கள் இரண்டும் இன்னும் இருக்கின்றன. இப்போது மாலையில் பிள்ளைகள் அவற்றுக்கு மேலே மூங்கிலைச் செருகிக் கட்டி உயரமாக்கி, கரப்பந்து விளையாடுகிறார்கள். நான் போன அன்று ஆடிய பன்னிரண்டு பேரில் ஏழு பேர் பெண்பிள்ளைகள்.

அடுத்த இதழில் கொழும்புக்குப் போவோம்: 1915இல் தொடங்கிய இலங்கை டென்னிஸ் சங்கமும், அதன் களிமண் தரையில் ஆடிய முதல் பெண்களும்.

(தொடரும்)